பெயர் எழுதாத கல்

போன பதிவின் கடைசியில், அடுத்தது குடுமியான்மலை இசைக் கல்வெட்டு என்று சொல்லியிருந்தேன். அது தள்ளிப்போகிறது. 2025 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை வந்து, மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்ததில் ஊருக்குப் போனேன். போன இடத்தில் வேறொரு விஷயம் மண்டைக்குள் புகுந்துகொண்டது. அன்றிலிருந்து அதைத்தான் துருவிக்கொண்டிருக்கிறேன்.

ஆரம்பித்து வைத்தது என் பையன். அன்னவாசல் கடைத்தெருவில் கொடியேற்றம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, "அப்பா, இங்க பக்கத்துல வார் மியூசியம் எதுவும் இருக்கா?" என்று கேட்டான். அவன் கேட்டதற்குக் காரணம் உண்டு. சில வருஷம் முன்னால் நான் ஆன்சைட்டில் டெக்சாஸ் ஆஸ்டினில் இருந்தபோது எடுத்த போட்டோக்களை முதல்நாள் இரவுதான் பார்த்திருந்தான்.

அமெரிக்காவில் மே மாதக் கடைசித் திங்கள் ‘மெமோரியல் டே’. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1868-இல், கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாளாக ஆரம்பித்தது. ரொம்ப காலம் மே 30 என்றே இருந்தது. 1971-லிருந்து திங்கட்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள், மூன்று நாள் லீவு சேர்ந்து வரட்டும் என்று. பாதிப் பேருக்கு அது கறி சுடுவதற்கும் தள்ளுபடியில் மெத்தை வாங்குவதற்குமான வார இறுதி. குறை சொல்லவில்லை, நாமும் ஆகஸ்ட் 15-க்கு அதைத்தான் செய்கிறோம். ஆஸ்டினிலிருந்து ஒன்றரை மணி நேரக் கார் தூரத்தில் ஃபிரெட்ரிக்ஸ்பர்க் என்று ஒரு சின்ன ஊர். பசிபிக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் நிமிட்ஸ் பிறந்த ஊர். அவருடைய தாத்தா நடத்திய ஹோட்டலில் தொடங்கி, இன்று பெரிதாக வளர்ந்து நிற்கிறது பசிபிக் போருக்கான தேசிய அருங்காட்சியகம். பேர்ல் ஹார்பர் தாக்குதலில் கரைதட்டிய ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கி ஒன்று அங்கே இருக்கிறது. தீ கக்கும் துப்பாக்கி, டாங்கி எல்லாம் வைத்து ஒரு கடற்கரைச் சண்டையை அப்படியே நடித்தும் காட்டுவார்கள். என் பையன் போட்டோவில் மயங்கியது அதில்தான்.

எனக்கு மனதில் நின்றது வேறு. அங்கே ஒரு முற்றம். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுவர், சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு கப்பல் அல்லது ஒரு படைப்பிரிவு. குடும்பத்தார் பதித்தவை. ஒரு வயதான அம்மா அதில் ஒரு பலகையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணனா, கணவரா, தெரியாது. துடைத்து முடித்து, எழுத்துகளின் மேல் விரலை வைத்து ஒருதரம் ஓட்டிவிட்டு நகர்ந்தார்.

"இங்க மியூசியம் இல்லடா. ஆனா நாம நிக்கிற இடத்துலயே ஒரு போர் நடந்திருக்கு" என்று பையனிடம் சொன்னேன். நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், தஞ்சாவூர்ப் பக்கம் செந்தலைக்குப் போய்ப் பாருங்கள்.

செந்தலைச் சிவன் கோயிலில் சில தூண்கள் இருக்கின்றன. பக்கத்து நியமத்தில் இருந்த பிடாரி கோயிலின் தூண்கள் அவை, பிற்காலத்தில் இங்கே கொண்டுவந்து நட்டுவிட்டார்கள். 8ஆம் நூற்றாண்டு முத்தரையர் தலைவன் சுவரன் மாறனைப் புகழ்ந்து பாச்சில் வேள் நம்பன் முதலான புலவர்கள் பாடியவற்றை அந்தத் தூண்களில் வெட்டியிருக்கிறார்கள். அவன் வென்ற களங்கள் வரிசையாக வருகின்றன. கொடும்பாளூர், மணலூர், காந்தளூர், கண்ணனூர் என்று போகிற அந்தப் பட்டியலில் அண்ணல்வாயிலும் ஒன்று. அந்த அண்ணல்வாயில்தான் நம் அன்னவாசல் என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட விஷயம். 9ஆம் நூற்றாண்டில் சித்தன்னவாசல் அறிவர் கோயிலை இளங்கௌதமன் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டிலும் இதே ஊர்ப்பெயர் வருகிறது. பல்லவர் ஒரு பக்கம், பாண்டியர் ஒரு பக்கம், நடுவில் முத்தரையரும் கொடும்பாளூர் வேளிரும். இந்தக் கூட்டுப்பொறியலில் நம் ஊர் ஒரு போர்க்களமாக இருந்திருக்கிறது.

ஜெயித்தவன் பெயர் தெரியும். பாடிய புலவன் பெயர்கூடத் தெரியும். அண்ணல்வாயிலில் செத்தவன் ஒருத்தன் பெயரும் தெரியாது. பையனிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்டான்: "அப்ப சாதாரண ஆளுங்க பேரை எல்லாம் அப்ப எழுதவே மாட்டாங்களா?"

எழுதினார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

நடுகல் நம் நாட்டில் ராஜாக்கள் சமாசாரம் இல்லை. மாடு பிடிக்கப் போனவன், மாட்டை மீட்கப் போனவன், புலியோடு மல்லுக்கட்டியவன், ஊருக்குள் வந்த கள்ளனைத் தடுத்தவன், இவர்களுக்குத்தான் பெரும்பாலும் கல். தொல்காப்பியம் இதற்கு ஆறு படிகள் சொல்கிறது: கல்லைத் தேடிப் பார்ப்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது. கல் நட்டால் அதில் பெயரையும் பெருமையையும் எழுத வேண்டும் என்பது சங்கப் பாடல்களிலேயே இருக்கும் வழக்கம். அது வெறும் கவிதை இல்லை என்று 2006-இல் நிரூபணம் ஆனது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அதில் ஒன்று தீயன் அந்தவன் என்பவனுடையது. கூடலூர் ஆநிரைப் பூசலில் இறந்தவன். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாகிவிட்டது, அவன் பெயர் நமக்குத் தெரிகிறது. புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே பொற்பனைக்கோட்டையிலும் தமிழ்ப் பிராமி நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல். முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் சண்டையில் செத்துவிட்டான். அவனுடைய நாய் அவன் பக்கத்திலேயே நின்று, வந்த கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் காத்தது. கல்லில் வீரன் உருவத்தோடு நாயும் நிற்கிறது. நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். இந்த நாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கல் நட்டதோடு விடவும் இல்லை. செத்தவன் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். உதிரம் சிந்தியதற்கான நிலம். புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகளில் இந்தச் சொல் வருகிறது. கருணை அடிப்படையில் வேலை, குடும்ப ஓய்வூதியம் என்று இன்று சொல்வதற்கு அன்றைய வடிவம். பெயர் தெரியாமல் நிலம் கொடுக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். பெயர் எழுதுவது வெறும் மரியாதைக்காக மட்டும் இல்லை, அது ஒரு ஆவணம்.

கடல் தாண்டிச் செத்தவனையும் மறக்கவில்லை. கொடும்பாளூர் வேளிர் குலத்துச் சிறியவேளான், சுந்தர சோழனின் படைத்தலைவனாக ஈழம் போய் அங்கேயே வீழ்ந்தான். அவன் ஈழத்தில் பட்டதையும் அது நடந்த ஆட்சியாண்டையும் திருவெண்காட்டுக் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. அவன் பெரிய ஆள், அதனால் எழுதினார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். அவனோடு படகேறிப் போன கொடும்பாளூர்க்காரர்கள் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தரையில் மாட்டுக்காகச் செத்தவனுக்கு ஊரே கல் நட்டது. ராஜாவுக்காகத் தூரதேசம் போய்ச் செத்தவனுக்கு நடுவதற்கு ஊர் பக்கத்தில் இல்லை. இது என் ஊகம்தான், ஆனால் அடுத்து வரப்போகிற விஷயத்தோடு பொருந்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் வண்டியை நிறுத்தினேன். அங்கே முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. திருச்சிக்காரர்கள் தினம் அதைச் சுற்றித்தான் போகிறார்கள். காய்கறி மூட்டை, ஷேர் ஆட்டோ, பஸ் ஹாரன், இதற்கு நடுவே நின்று அதில் உள்ள ஆங்கில வாசகத்தைப் பையன் சத்தமாகப் படித்தான். இந்த ஊரிலிருந்து பெரும்போருக்குப் போனவர்கள் 302 பேர், அவர்களில் உயிரைக் கொடுத்தவர்கள் 41 பேர். அவ்வளவுதான். "பேரு எங்கப்பா?" என்றான்.

பெயர் இல்லை. இதே வாசகத்தை, எண்களை மட்டும் மாற்றி, இந்தியா முழுக்கப் பல ஊர்களில் பதித்திருக்கிறார்கள். என் தொழில் பாஷையில் சொன்னால் ஒரு டெம்ப்ளேட், நிரப்ப வேண்டிய இடம் இரண்டு. இரண்டும் எண்கள்.

திருச்சியிலேயே பெயரோடு ஒரு நினைவிடமும் இருக்கிறது. கன்டோன்மென்ட் பகுதியில் மேஜர் சரவணனுக்கு எழுப்பியது. கார்கில் போரில் படாலிக் பகுதியில் 1999 மே 29 அன்று வீழ்ந்தவர். உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் சுதந்திரத்துக்குப் பின் இறந்த 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் தனித்தனியாகக் கல்லில் இருக்கிறது. அங்கே மாலையில், வீழ்ந்த வீரர் ஒருவரின் குடும்பத்தாரே வந்து மலர்வளையம் வைக்கும் வழக்கம் இருக்கிறது. ஆக, தீயன் அந்தவன் காலத்திலும் பெயர் இருந்தது, இப்போதும் இருக்கிறது. நடுவில் ஒரு காலம் மட்டும் எண்ணாகிப் போயிருக்கிறது.

அது எப்படி ஆனது என்று தேடினால் பஸ்ராவில் போய் நிற்கிறோம். முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். அதிகம் பேர் போனது பிரான்சுக்கு இல்லை, மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு. கல்லறை தெரியாமல் அங்கே போனவர்களுக்காக 1929-இல் பஸ்ராவில் ஒரு நினைவகம் திறந்தார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கானது. பிரிட்டிஷ் சிப்பாய் என்றால் கடைசி ஆள் வரை பெயர். இந்தியர் என்றால் அதிகாரிகளுக்குப் பெயர், மற்றவர்களுக்கு, ‘இன்னும் இத்தனை இந்திய வீரர்கள்’ என்று ஒரு எண். கோவிவனை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? அதற்குத்தான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். 1917-இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கையே பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லோருக்கும் சமமான நினைவு என்பதுதான். சென்னை நந்தம்பாக்கத்தில் அவர்கள் பராமரிக்கும் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தால் அது புரியும். இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர், ஒரே அளவு கல், ஒரே உயரம். நவம்பரில் அங்கே நினைவஞ்சலி நடக்கும்போது யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாம், நான் ஒருமுறை நின்றிருக்கிறேன். ஆனால் ஐரோப்பாவில் கடைப்பிடித்த கொள்கையை ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கடைப்பிடிக்கவில்லை. இதை அந்த ஆணையமே 2021 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர் பெயர் இல்லாமலோ, பதிவே இல்லாமலோ விடுபட்டிருக்கலாம் என்பது அந்த அறிக்கையின் கணக்கு. பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், மத்தியக் கிழக்கைச் சேர்ந்தவர்கள்.

தெற்கத்தி ஆட்களுக்கு இன்னொரு கெட்ட காலமும் சேர்ந்துகொண்டது. போர் முடிந்து பத்து வருஷத்துக்குள், செலவைக் குறைக்கிறோம் என்று பழைய மதராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் வந்த பிறகுதான் மதராஸ் ரெஜிமென்டை மறுபடி எழுப்பினார்கள். ஒரு படைப்பிரிவு உயிரோடு இருந்தால் வருஷா வருஷம் தன் ஆட்களை நினைத்துப் பிகில் ஊதும். கலைத்துவிட்டால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

இனி என் வீட்டுக் கதை.

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒருதரம் சாமிக்குப் படைக்கும்போது ஒரு இலை தனியாக, வாசலைப் பார்த்தாற்போல் போடுவார்கள். சோறு, கருவாட்டுக் குழம்பு, ஒரு சுருட்டு. அப்பத்தாவின் சித்தப்பாவுக்கு. பட்டாளத்துக்குப் போனவர், திரும்பவில்லை. "பசராவுக்குப் போனாக, அங்கனயே போய்ச் சேந்துட்டாக" என்பதுதான் அப்பத்தாவுக்குத் தெரிந்த மொத்தக் கதை. அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. நான் கல்லூரியில் படிக்கும்போது ஒருதடவை, "அவுக பேரு என்ன அப்பத்தா?" என்று கேட்டேன். "பெரியவுக பேரைப் பொம்பள சொல்லக்கூடாதுடா" என்று ஒரே போடாகப் போட்டார். தாத்தா பெயரையும் அப்படித்தான் சொல்ல மாட்டார், முருகன் பெயர்களில் ஒன்று என்று குறிப்பு மட்டும் கொடுப்பார். நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அப்போது விட்டிருக்கக்கூடாது.

அதே அப்பத்தா இன்னொன்றும் சொன்னார். வீட்டில் வட்டமாக ஒரு வெண்கலத் தட்டு இருந்ததாம். சிங்கமும் ஒரு பொம்பளை உருவமும் போட்டது. மாடத்தில் சாமிப் படத்துக்குப் பின்னால் கிடந்ததாம். பஞ்ச காலத்தில் பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டு ஒரு குண்டான் வாங்கினார்களாம்.

இந்தத் தட்டு என்னவென்று எனக்கு இந்த ஆகஸ்ட்டுக்குப் பிறகு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் பஸ்ராவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. முதல் உலகப் போரில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பிரிட்டிஷ் அரசு ஒரு வெண்கலப் பதக்கத் தட்டு அனுப்பியது. குறுக்களவு 12 சென்டிமீட்டர். பிரிட்டானியா என்னும் பெண்ணுருவம் கையில் மாலையோடு நிற்கும், முன்னால் சிங்கம். செத்தவன் காசு என்று பொருள்படும் பட்டப்பெயர்கூட அங்கே அதற்கு உண்டு. 13 லட்சத்துக்கும் மேல் வார்த்தார்கள். இந்தியச் சிப்பாய்களின் வீடுகளுக்கும் வந்தது. அந்தத் தட்டில் ஒரு சின்னப் பெட்டிக்குள் எழுத்து புடைத்து நிற்கும்: இறந்தவர் பெயர். பதவி கிடையாது, ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் வெறும் பெயர்தான்.

அதாவது, அவர் பெயரை யாரோ ஒருமுறை உலோகத்தில் எழுதி, கப்பலேற்றி, எங்கள் வீட்டுக்கே அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் அதை வாசிக்க ஆள் இல்லை. வாசிக்க ஆள் வந்தபோது தட்டு குண்டானாகிவிட்டது. அந்தக் குண்டானை நான் பார்த்திருக்கிறேன். அதில்தான் கஞ்சி காய்ச்சுவார்கள்.

ஆணையத்தின் இணையதளத்தில் இப்போது லட்சக்கணக்கான பதிவுகளைத் தேடலாம். பஸ்ராவில் எண்ணாகப் போனவர்களின் பெயர்களும் பழைய பதிவேடுகளிலிருந்து ஏறியிருக்கின்றன. ஆனால் அந்தக் காலத்துக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருப்பான். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் ஒரே பெயரில் வரிசையாக ஆட்கள் வருவார்கள். கூடவே ‘இன்னாருடைய மகன், இன்ன ஊர், திருச்சினாப்பள்ளி’ என்று ஒரு வரி இருந்தால் அதிர்ஷ்டம். உச்சரிப்பை வைத்துப் பெயர் தேடும் சவுண்டெக்ஸ் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தது 1918-இல், இதே போர் நடந்துகொண்டிருந்த வருஷம். அதை நம் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி, க-வும் ஹ-வும், ப-வும் ப-வின் மெல்லொலியும் ஒன்றாக வருகிற மாதிரி ஒரு சின்ன நிரல் எழுதிவிட்டேன். எழுதி என்ன பிரயோசனம்? தேடக் கையில் பெயர் வேண்டுமே.

இந்த இடத்தில் பெரிய அத்தை கை கொடுத்தார். போனில் இதையெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தபோது, "ஏன்டா, உங்க பட்டாளத் தாத்தாவுக்கு ஏன் அந்தப் பேரு வந்துச்சுன்னு நெனைச்ச?" என்றார்.

அப்பத்தாவின் தம்பியை ஊரே பட்டாளம் என்றுதான் கூப்பிடும். சின்ன வயதில் அவர் ராணுவத்தில் இருந்தவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் திருச்சியைத் தாண்டியதில்லை. செத்துப்போன சித்தப்பாவின் பெயரை அவருக்கு வைத்திருக்கிறார்கள். பெரியவர் பெயராயிற்றே, வீட்டுப் பெண்கள் அதைச் சொல்லி எப்படிக் கூப்பிடுவார்கள்? அதனால் பட்டாளம். பெயரைச் சொல்லக்கூடாது என்று மறைத்த அதே வழக்கம், பெயரைப் பத்திரமாக இன்னொரு ஆள் மேல் எழுதியும் வைத்திருக்கிறது.

பட்டாளத் தாத்தாவின் உண்மைப் பெயர் பழைய நிலப் பத்திரத்தில் இருந்தது. கூடவே தாத்தாவழிப் பெயரும். நிரலில் கொடுத்துத் தேடினேன். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர். வந்த பதிவுகளில் தகப்பன் பெயர் ஒத்துப்போகிற மாதிரி ஒன்று இருக்கிறது. ஊர்ப்பெயர்தான் சிக்கல். குமாஸ்தா எழுதியதை அன்னவாசல் என்றும் படிக்கலாம், வேறு நாலு ஊராகவும் படிக்கலாம். அதனால் பெயரை இங்கே எழுதவில்லை. வேறொருவர் வீட்டு ஆளை நம் வீட்டு இலைக்கு இழுத்துவந்து உட்கார வைக்கக்கூடாது. படைப்பிரிவின் பதிவேட்டுப் பக்கத்தைப் பார்க்க எழுதிப் போட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டு மாடத்திலோ பரணிலோ சிங்கம் போட்ட வட்டத் தட்டு கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். சிங்கத்தின் தலைக்கு மேலே ஒரு நீள்சதுரப் பெட்டி இருக்கும், அதில் உள்ள எழுத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். வாசிக்க முடியாவிட்டால் மேலே மெல்லிய தாளை வைத்து பென்சிலால் தேய்த்தால் விழும், கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பது மாதிரிதான். புதுக்கோட்டை, திருச்சி, சிவகங்கைப் பக்கம் என்றால் நானே நேரில் வருகிறேன்.

குடுமியான்மலை அடுத்த மாதம்.